24 நொடி பிறந்த ஊருக்கு: நேஷனல்ஸ் அணியின் தடத்தில் ஐந்து நாள்

முதல் நாள், இண்டியானாபோலிஸ்

ரொம்ப வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்த பயணம், ஒருவழியாகக் கிளம்பிவிட்டேன். 1955-இல் என்.பி.ஏ. (அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) கோப்பையை வென்ற சிரக்யூஸ் நேஷனல்ஸ் அணி, அந்த இறுதித் தொடரில் எந்தெந்த ஊரில் ஆடியதோ அங்கெல்லாம் போய் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். பந்து கைக்கு வந்தால் 24 நொடிக்குள் கூடைக்கு எறிந்தாக வேண்டும் என்ற விதி பிறந்ததும் அந்த சிரக்யூஸில்தான். கூட வருவது அக்கா மகன். இங்கேதான் படிக்கிறான், கல்லூரியில் கூடைப்பந்து ஆடுகிறவன். வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "மாமா, கோப்பை ஜெயிச்சது சிரக்யூஸ். நீங்க ஏன் இந்த ஊர்ல இருந்து ஆரம்பிக்கிறீங்க?"

நல்ல கேள்வி. ஏனென்றால் அந்த அணி இங்கேதான் தொடர்ந்து மூன்று முறை தோற்றது.

அந்த இறுதித் தொடர் ஏழு ஆட்டம், நான்கை முதலில் வெல்பவருக்குக் கோப்பை. எதிரணி ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ். அந்த சீசனில் இரண்டு அணியுமே 43 வெற்றி, 29 தோல்வி, ஒரு ஆட்டம்கூட வித்தியாசம் இல்லை. முதல் இரண்டு ஆட்டம் சிரக்யூஸில் நடந்தது, 86-82, 87-84 என்று சிரக்யூஸ் ஜெயித்தது. அடுத்த மூன்றும் ஃபோர்ட் வேய்னில் நடந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஊர் அரங்கத்தை ஒரு தேசிய பௌலிங் போட்டிக்கு, அதாவது பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற அந்த பௌலிங்குக்கு, ஏற்கனவே கொடுத்துவிட்டார்கள். இறுதிப் போட்டிக்கு வந்த அணிக்குச் சொந்த ஊரில் ஆட இடமில்லை! அதனால் 200 கிலோமீட்டர் தள்ளி இந்த ஊரில், பட்லர் பல்கலைக்கழகத்தின் அரங்கத்தில் ஆடினார்கள். இன்று அதன் பெயர் ஹிங்கிள் ஃபீல்ட்ஹவுஸ்.

காலையில் போனோம். 1928-இல் கட்டிய செங்கல் கட்டடம். உள்ளே நுழைந்ததும் பையன் பேச்சை நிறுத்திவிட்டான். இன்றைய அரங்கங்கள் எல்லாம் ஜன்னல் இல்லாத பெட்டிகள்; இங்கே இரண்டு பக்கச் சுவரிலும் உயரத்தில் வரிசையாகக் கண்ணாடி, அது வழியே வெயில் சாய்ந்து மரத்தரையில் நீளநீளமாக விழுகிறது. திறந்தபோது 15,000 பேர் உட்காரும் இடம். இறுதிப் போட்டிக்கு வந்ததோ சில ஆயிரம் பேர்தான். அன்றைக்கு என்.பி.ஏ.வின் நிலைமை அது.

இதே தரையில் ஒரு வருடம் முன்னால், 1954 மார்ச்சில், மாநிலப் பள்ளிகளின் இறுதி ஆட்டம் நடந்தது. மொத்தமே 161 பிள்ளைகள் படித்த மைலன் என்ற ஊர்ப் பள்ளி, மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32-30 என்று வென்ற ஆட்டம். ஆட்டத்தை நான்காகப் பிரித்ததில் கடைசிக் கால் பகுதியில் பாபி பிளம்ப் என்ற பையன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு நிமிடத்துக்கு மேல் அசையாமல் நின்றான். தட்டவும் இல்லை, போடவும் இல்லை. கடைசியில் வெற்றிப் புள்ளியைப் போட்டதும் அவன்தான். இந்த மாநிலம் இன்றும் கொண்டாடுகிற கதை இது, நானும் கொண்டாடுகிறேன். ஆனால் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வருகிறவன் முன்னால் தொழில்முறை ஆட்டக்காரர்களும் வாரத்துக்கு நான்கு நாள் இப்படியே நின்றால்? அங்கேதான் பிரச்சினை. அதை ஃபோர்ட் வேய்ன் போய்ச் சொல்கிறேன்.

இங்கே நடந்த மூன்று ஆட்டமும் 96-89, 109-102, 74-71. மூன்றும் பிஸ்டன்ஸுக்கு. சிரக்யூஸ் 2-0 என்று வந்து 3-2 என்று பின்தங்கித் திரும்பியது.

இரண்டாம் நாள், ஃபோர்ட் வேய்ன்

பையனின் நண்பன் ஒருவன் காரில் கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம் தட்டையான வயல், உழுது போட்டு விதைப்புக்குக் காத்திருக்கிறது.

இந்த ஊரில் ஏன் ஒரு என்.பி.ஏ. அணி இருந்தது என்று கேட்டால், ஃபிரெட் ஸோல்னர் என்கிற முதலாளிக்கு இங்கே இன்ஜினுக்கு வேண்டிய பிஸ்டன் செய்யும் தொழிற்சாலை இருந்தது. அணியின் பெயர் அங்கிருந்துதான் வந்தது. 1957-இல் அணியை டெட்ராய்ட்டுக்குக் கொண்டுபோனார், பெயர் மட்டும் மாறவே இல்லை. இன்றைய டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் ரசிகர்களில் பாதிப் பேர் அது கார் ஊர் என்பதால் வைத்த பெயர் என்றுதான் நினைத்திருப்பார்கள். பையனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

பௌலிங்குக்குக் கொடுத்துவிட்ட அந்த அரங்கம், 1952-இல் திறந்த கொலிசியம், இன்றும் நன்றாக இயங்குகிறது. வெளியே சுற்றிவந்து, வாசலில் உட்கார்ந்து, 19-18 என்று முடிந்த ஒரு ஆட்டத்தின் கதையை அவனுக்குச் சொன்னேன். 1950 நவம்பர் 22. பிஸ்டன்ஸ் மினியாபோலிஸுக்குப் போய் லேக்கர்ஸுடன் ஆடுகிறார்கள். லேக்கர்ஸில் ஜார்ஜ் மைக்கன், ஆறடி பத்து அங்குலம், அந்தக் காலத்தில் அவரைத் தாண்டி யாரும் கூடையை எட்ட முடியாது. அதனால் பிஸ்டன்ஸ் பயிற்சியாளர் ஒரு முடிவெடுத்தார்: பந்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நில்லுங்கள். நின்றார்கள். கூட்டம் கத்தியது, நின்றார்கள். 48 நிமிடத்தில் இரண்டு அணியும் சேர்ந்து மொத்தம் எட்டே எட்டு கூடை. லேக்கர்ஸின் 18 புள்ளியில் 15 மைக்கன் போட்டது. கடைசிக் கால் பகுதியில் இரண்டு பேரும் சேர்ந்து நான்கு புள்ளி. ஃபோர்ட் வேய்ன் ஒரு புள்ளியில் ஜெயித்தது. என்.பி.ஏ. வரலாற்றில் இதைவிடக் குறைவான ஸ்கோர் இன்றுவரை இல்லை.

"இது தப்பில்லையே மாமா, ரூல்ல இடம் இருந்துச்சுல்ல?" என்றான். தப்பில்லைதான். முன்னால் இருக்கிற அணி பந்தைப் பிடித்துக்கொள்ளும், பின்தங்கிய அணி பந்தை வாங்க வேண்டுமென்றே ஃபவுல் செய்யும், அதாவது விதியை மீறித் தடுக்கும், அப்புறம் எதிரணிக்கு யாரும் தடுக்காமல் எறிகிற ஃப்ரீ த்ரோ, மறுபடி ஃபவுல். 1953 மார்ச்சில் பாஸ்டனும் சிரக்யூஸும் ஆடிய ஒரு ஆட்டம் நான்கு கூடுதல் நேரம் போனது, மொத்தம் 106 ஃபவுல். பாஸ்டனின் பாப் கூஸி அன்று 50 புள்ளி போட்டார், அதில் 30 ஃப்ரீ த்ரோ. சாதனைதான், ஆனால் பார்க்கிறவன் என்ன செய்வான்? கூட்டம் குறைந்தது. அணிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போயின. 1954-55 சீசன் தொடங்கி ஒரு மாதத்துக்குள் பால்டிமோர் புல்லட்ஸ் கலைந்துபோனது, 1948-இல் கோப்பை வென்ற அணி அது. எட்டு அணிதான் மிஞ்சியது.

இந்த ஊரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு அது முக்கியம். என்.பி.ஏ.வில் ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர் எர்ல் லாய்ட், 1950 அக்டோபர் 31, அப்போது வாஷிங்டன் அணியில். அவர் இந்த ஊருக்கு ஆட வந்தபோது தங்கிய ஹோட்டலில் அறை கொடுத்தார்கள், ஆனால் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து சாப்பிட விடவில்லை. அறைக்குள்ளேயே சாப்பிட வேண்டும். அன்று இரவு அவருடைய பயிற்சியாளர் போன்ஸ் மெக்கின்னி அறைக் கதவைத் தட்டி, உள்ளே வந்து, அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். வெள்ளைக்காரர், அதுவும் நிறப் பாகுபாடு ஊறிய அமெரிக்கத் தெற்கைச் சேர்ந்தவர். லாய்ட் அதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் ராணுவத்துக்குப் போய்த் திரும்பி, 1952-இல் சிரக்யூஸ் அணிக்கு வந்தார். 1955-இல் இதே ஃபோர்ட் வேய்னைத் தோற்கடித்து அவரும் அணித்தோழர் ஜிம் டக்கரும் என்.பி.ஏ. கோப்பை வென்ற முதல் கறுப்பின ஆட்டக்காரர்கள் ஆனார்கள். 1971-இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸுக்கே தலைமைப் பயிற்சியாளராகவும் வந்தார்.

மூன்றாம் நாள் (இரண்டாம் நாள் இரவும் சேர்த்து), வாட்டர்லூ

ஃபோர்ட் வேய்னுக்கு இப்போது பயணிகள் ரயில் கிடையாது. 40 கிலோமீட்டர் வடக்கே வாட்டர்லூ என்ற சிற்றூரில்தான் ஏற வேண்டும். அந்தக் காலத்திலும், கிழக்கேயிருந்து இரவு ரயிலில் வந்த அணிகள் விடியற்காலையில் இந்த வாட்டர்லூவில்தான் இறங்கின. முந்தைய நாள் கிழக்கே ராச்செஸ்டரில் ஆடிவிட்டு, தூக்கம் கெட்டு, ஆறரை அடி ஆட்கள் பத்துப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ரோட்டோரம் நடப்பார்கள். கிரீன் பாரட் என்று ஒரு உணவு விடுதி. கதவைத் தட்டினால், ஊரில் கார் வைத்திருப்பவர்களை எழுப்பி, சில டாலருக்கு ஃபோர்ட் வேய்ன் வரை கொண்டுபோய் விடச் சொல்வார்கள். அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்கள் பலரும் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது.

எங்களையும் காரில்தான் கொண்டுவந்து விட்டார்கள். நள்ளிரவு தாண்டி ஒரு மணி. நடைமேடையில் எங்களைத் தவிர இரண்டே பேர். காற்று அப்படியே எலும்புக்குள் போகிறது. ரயில் தாமதம். பையன் கை இரண்டையும் அக்குளில் செருகிக்கொண்டு குதித்துக்கொண்டே இருந்தான். இந்தக் குளிரில் இறங்கி, நடந்து, காருக்குக் கெஞ்சி, அன்று சாயங்காலமே போய் ஆடியிருக்கிறார்கள் என்பது புத்தகத்தில் படித்தபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அங்கே நின்றபோது வேடிக்கையாக இல்லை.

ரயிலில் ஏறித் தூங்கிவிட்டோம். எழுந்தபோது பஃபலோ.

நான்காம் நாள், சிரக்யூஸ்

நேற்று மதியம் வந்து சேர்ந்து, அறைக்குப் போய் மறுபடி தூங்கினோம், அதனால் நேற்றைக்கு எழுத ஒன்றுமில்லை. இன்று முழுக்க டேனி பியாஸோன்.

இத்தாலியில் மிலியானிகோ என்ற ஊரில் பிறந்து, சிறுவனாக இங்கே வந்தவர். ஊரின் கிழக்குப் பக்கம் ஈஸ்ட்வுட் என்ற பகுதியில் ஒரு பௌலிங் கூடம் நடத்தினார். ஆம், பௌலிங்! பௌலிங் போட்டியால் ஃபோர்ட் வேய்ன் தன் ஊரை இழந்தது, பௌலிங் கூடம் நடத்தியவருடைய அணி கோப்பையைத் தூக்கியது. 1946-இல் 5,000 டாலர் கொடுத்து அணிக்கு உரிமம் வாங்கினார். நியூயார்க், பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா என்று பெரிய பெரிய ஊர்களோடு, பெரிய அரங்க முதலாளிகளோடு, இந்த மனிதர் மோதியிருக்கிறார். ஆட்டத்தின்போது தொப்பியோடு ஆட்டக்காரர்களின் பெஞ்சிலேயே உட்காருவாராம்.

ஈஸ்ட்வுட்டில் ஜேம்ஸ் தெருவில் நடந்தோம். சாதாரணக் கடைத்தெரு, முடிதிருத்தும் கடை, பீட்ஸா கடை, ஓரத்தில் கறுத்துப்போன பழைய பனிக்குவியல். எனக்கு இந்தத் தெரு ரொம்பப் பிடித்தது. ஒரு விளையாட்டையே மாற்றிய யோசனை பெரிய அலுவலகத்தில் வரவில்லை, இந்த மாதிரி தெருவில் கடை நடத்தியவருக்கு வந்திருக்கிறது.

அந்த யோசனையைப் பையன் ஒரு காகிதத் துண்டில் போட்டுப் பார்த்தான். பியாஸோனும் அணியின் மேலாளர் லியோ ஃபெர்ரிஸும் தாங்கள் ரசித்த ஆட்டங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். யாரும் நிற்காமல், யாரும் ஓயாமல் ஃபவுல் செய்யாமல் ஓடிய ஆட்டங்களில் ஒரு அணி சுமார் 60 முறை கூடைக்குப் பந்தெறிந்திருக்கிறது. இரண்டு அணிக்கும் 120. ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 நொடி. 2,880-ஐ 120-ஆல் வகுத்தால் 24. அவ்வளவுதான். பந்து கைக்கு வந்து 24 நொடிக்குள் கூடையை நோக்கி எறி, இல்லையென்றால் எதிரணிக்குக் கொடு. ஒரு ரசிகன் போட்ட கணக்கு இது, அதனால்தான் இன்றுவரை நிற்கிறது என்று நான் நம்புகிறேன்.

1954 ஆகஸ்ட் 10-ஆம் தேதி மற்ற அணி முதலாளிகளை வரவழைத்து, பிளாட்ஜெட் என்ற தொழிற்பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், தன் ஆட்டக்காரர்களையும் ஊர்ப் பையன்களையும் இறக்கி, கடிகாரத்தோடு ஆடவிட்டுக் காட்டினார். முதலில் எல்லாரும் பதறிப்போய்க் கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் எறிந்தார்களாம். பொறுமையாக ஆடுங்கள், நேரம் இருக்கிறது என்று அவரே சொல்ல வேண்டியிருந்தது. பள்ளிக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்தோம், பழைய செங்கல், பெரிய ஜன்னல்கள். உள்ளே போக வழியில்லை. வேலியோரம் பத்து நிமிடம் நின்றேன். பையன் போட்டோ எடுத்தான், என்னை இல்லாமல் கட்டடத்தை மட்டும் எடுக்கச் சொன்னேன்.

பலன் அந்த சீசனிலேயே தெரிந்தது. முந்தைய வருடம் ஒரு அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 79.5 புள்ளி, அந்த வருடம் 93.1. ஒரு கால் பகுதிக்கு ஆறு ஃபவுலுக்கு மேல் போனால் கூடுதல் ஃப்ரீ த்ரோ என்ற விதியும் அதே சமயத்தில் வந்தது, அது இல்லாமல் கடிகாரம் மட்டும் இருந்திருந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

இரவு உப்பு உருளைக்கிழங்கு சாப்பிட்டோம். இந்த ஊர் ஒரு காலத்தில் உப்புக்குப் பேர்போனது, உப்புக் காய்ச்சும் தொழிலாளிகள் அந்தக் கொதிக்கிற உப்பு நீரிலேயே சின்ன உருளைக்கிழங்கைப் போட்டு வேகவைத்துச் சாப்பிட்டதில் வந்த பதார்த்தம். தோல்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும், உருக்கிய வெண்ணெய் மேலே. தோல் சுருங்கி இருக்கும், உள்ளே வெண்ணெய் மாதிரி. நான் ஒரு தட்டு, பையன் மூன்று.

ஐந்தாம் நாள், சிரக்யூஸ்

காலையில் ஆர்மரி ஸ்கொயர். அங்கே அந்தக் கடிகாரத்தைப் போலவே ஒன்றைச் செய்து நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். 24, 23, 22 என்று இறங்கும், முடிந்ததும் மறுபடி 24. காபிக் கோப்பையோடு போகிறவர்கள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நாங்கள் இருபது முறையாவது எண்ணியிருப்போம். 24 நொடி எவ்வளவு நீளம் என்பது சும்மா நின்று எண்ணினால்தான் தெரிகிறது. பையனே சொன்னான், "ஆடும்போது எட்டு செகண்ட் மாதிரி இருக்கும் மாமா."

சாயங்காலம் வார் மெமோரியல் அரங்கம். 1951-இல் திறந்தது. அதற்கு முன் நேஷனல்ஸ் ஆடியது கண்காட்சித் திடலில் இருந்த கொலிசியத்தில். எதிரணி ஃப்ரீ த்ரோ எறியும்போது கூடையைத் தாங்கும் கம்பிகளை ரசிகர்கள் பிடித்து ஆட்டுவார்களாம். இப்போது வார் மெமோரியல் பனி ஹாக்கி அரங்கம். உள்ளே போக ஒரே வழி ஹாக்கி டிக்கெட், அதையே வாங்கினோம். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்தோம். தரை முழுக்க வெள்ளைப் பனி. அதன்மேல் 1955 ஏப்ரலை நான் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3-2 என்று பின்தங்கி வந்த சிரக்யூஸ், ஏப்ரல் 9-ஆம் தேதி ஆறாவது ஆட்டத்தை 109-104 என்று எடுத்தது. மறுநாளே ஏழாவது. ஏப்ரல் 10, ஈஸ்டர் ஞாயிறு. வந்தவர்கள் 6,697 பேர். இரண்டாம் கால் பகுதியில் ஃபோர்ட் வேய்ன் 41-24 என்று 17 புள்ளி முன்னால். பழைய ஆட்டமாக இருந்திருந்தால் இதோடு கதை முடிந்திருக்கும். பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள், அதில் தேர்ந்த அணிதானே அது! ஆனால் இப்போது நிற்க முடியாது. 24 நொடிக்கு ஒருமுறை பந்து கையைவிட்டுப் போயே ஆக வேண்டும். இதை நான் பையனிடம் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது, முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பியாஸோனின் கணக்கு பியாஸோனின் அணிக்கே அன்று கைகொடுத்தது.

மாற்று ஆட்டக்காரராக இறங்கிய பில் கென்வில் துரத்தலைத் தொடங்கி வைத்தார். டால்ஃப் ஷேஸ் இருந்தார், அணியின் பெரிய பெயர், தூரத்திலிருந்து வானத்துக்கு எறிவது போல எறிந்து கூடையில் இறக்குபவர். புதுமுகம் ஜானி கெர் இருந்தார். லாய்ட் இருந்தார். ஜிம் டக்கரும் இருந்தார், அந்த பிப்ரவரியில் நியூயார்க்குக்கு எதிராக வெறும் 17 நிமிடம் ஆடி 12 புள்ளி, 10 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடிப்பது), 12 அசிஸ்ட் (தோழன் கூடை போடப் பந்து கொடுப்பது) எடுத்தவர். மூன்றிலும் இரண்டிலக்கத்தை இதைவிடக் குறைந்த நேரத்தில் 2018 வரை யாரும் எட்டவில்லை. கடைசி நிமிடத்தில் 91-91.

12 நொடி இருக்கும்போது ஜார்ஜ் கிங்குக்கு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தது. 92-91. ஃபோர்ட் வேய்ன் பந்தை எடுத்துக்கொண்டு வருகிறது, ஆண்டி ஃபிலிப் கையில் பந்து, கடைசி நொடிகளில் அதே கிங் அந்தப் பந்தைப் பறித்துவிட்டார்.

1950-இலும் 1954-இலும் இறுதிப் போட்டி வரை வந்து மினியாபோலிஸிடம் தோற்ற அணி. இந்த ஊருக்குக் கிடைத்த ஒரே என்.பி.ஏ. கோப்பை அது. 1963-இல் அணியை விற்றார்கள், ஃபிலடெல்ஃபியா போய் 76-யர்ஸ் ஆனது. கடிகாரம் ஆட்டத்தைக் காப்பாற்றியது, ஆட்டம் வளர்ந்தது, வளர்ந்த ஆட்டத்தைத் தாங்க இந்த ஊர் போதவில்லை. பியாஸோன் 1992-இல் இறந்தார். கூடைப்பந்தின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தது 2000-இல்.

எங்கள் வரிசையில் டிக்கெட் பார்த்தவர் எழுபத்தைந்தைத் தாண்டிய மனிதர். நாங்கள் பனியைக் காட்டிக் காட்டிப் பேசுவதைப் பார்த்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. அவருக்கு அப்போது ஏழு வயதாம். வீட்டில் இரண்டு டிக்கெட்தான் இருந்தது, அப்பா அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார், இவரைப் பாட்டி வீட்டில் ஈஸ்டர் சாப்பாட்டுக்கு விட்டுவிட்டார்கள். ராத்திரி திரும்பி வந்த அண்ணனுக்குத் தொண்டை கட்டிப்போய்ப் பேச்சே வரவில்லை, அதனால் என்ன நடந்தது என்று மறுநாள் மதியம் வரை தனக்குத் தெரியாது என்றார்.

பையன் எழுந்து நின்று கேட்டான், கிங் அந்த ஃப்ரீ த்ரோ எறிந்தது எந்தப் பக்கக் கூடையில் என்று. அவர் இடது பக்கம் பார்த்தார், அப்புறம் வலது பக்கம் பார்த்தார். "அது என் அண்ணனுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, கூட்டம் வரத் தொடங்கிய வாசலுக்குப் போனார்.